கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள்



முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் தோட்டப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். தகப்பனார் பிள்ளையின் கையைப் பிடித்து நம் கையில் கொடுப்பார். "சார், இனிமே இவன் உங்க பிள்ளை. கண்ணு ரெண்ட மட்டும் விட்டுடுங்க. மத்தத நீங்க என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க" என்பார். சுற்றி நிற்கும் தாய்மார்கள் சிரிப்பார்கள். நாமும் சிரிப்போம். பிள்ளை மட்டும் சிரிக்காது. அப்பாவின் முகத்தையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

அந்தப் பேச்சில் எவ்வளவு பெரிய நம்பிக்கை இருக்கிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். தம்மிடம் உள்ளதில் விலை மதிக்க முடியாத ஒன்றைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, கணக்குக் கூடக் கேட்காமல் வேலைக்காட்டுக்குத் திரும்பிப் போகிறார் அவர். ஆனால் அந்த நம்பிக்கையோடு சேர்த்து அவர் கொடுத்துவிட்டுப் போகும் அனுமதி இருக்கிறதே, அதை நாம் வாங்கிக்கொள்ளலாமா? இன்றைக்கு நேயர்களோடு பேச நினைப்பது இதைத்தான்.

பிரம்பு நம் தோட்டப் பள்ளிகளுக்கு எப்படி வந்தது என்று சற்றுப் பார்ப்போம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். சட்டம் வந்தது, ஆசிரியர் வரவில்லை. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் ஆனார். விடியுமுன் பெரட்டில் ஆள் எண்ணியவர், பொழுது ஏறியபின் கொட்டகையில் பிள்ளை எண்ணினார். கையில் இருந்த பிரம்பை வழியில் எங்கும் வைத்துவிட்டு வரவில்லை. ஆளை மிரட்டினால்தான் வேலை நடக்கும் என்பது துரைமார் காலத்துத் தோட்ட வழக்கு. அதே வழக்கு பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்து, நாளடைவில் நம்முடைய வழக்கமாகவே ஆகிவிட்டது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று பழமொழியும் கையோடு இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா?

நாம் படித்தது 1980களில், இரப்பர்த் தோட்டத்துப் பள்ளி ஒன்றில். வாய்ப்பாடு தவறினால் உள்ளங்கையில் அடி. எழுத்துப் பிழைக்கு முட்டிக்கால். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும். வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டால் வலிக்காது என்று யாரோ சொல்லி, வகுப்பே வெங்காய நாற்றம் அடித்த நாளும் உண்டு. வலித்தது என்னவோ வலித்ததுதான். அப்படியிருந்தும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை முடித்து, முதல் பள்ளிக்குப் போன முதல் வாரத்திலேயே நாமும் ஒரு பிரம்பு வாங்கினோம். யாரும் வாங்கச் சொல்லவில்லை. வாத்தியார் என்றால் அது கையில் இருக்க வேண்டும் என்றே நம் மனத்தில் பதிந்திருந்தது.

பயிற்சிக் கல்லூரியில் நமக்கு ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் ஹர்லாக் என்னும் அம்மையார் 1925இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஐந்து நாள் தொடர்ந்து கூட்டல் கணக்குக் கொடுத்தார். ஒரு பிரிவினரை ஒவ்வொரு நாளும் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். இன்னொரு பிரிவினரைக் கண்டித்தார். மூன்றாம் பிரிவினரை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அடுத்தவர்கள் வாங்கும் பாராட்டையும் கண்டனத்தையும் அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள். நான்காம் பிரிவினர் வேறு அறையில் வழக்கம்போலக் கணக்குப் போட்டார்கள். கண்டிக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் முன்னேறினார்கள். ஆனால் போகப் போகச் சரிந்தார்கள். பாராட்டப்பட்டவர்களே ஐந்து நாளும் ஏறிக்கொண்டு போனார்கள்.

இதைத் தேர்வில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினோம். ஆனால் அது மனத்தில் இறங்கியது பல ஆண்டு கழித்து, நம் தாயார் சொன்ன ஒரு சொல்லால்தான்.

நம் தாயார் பால் வெட்டியவர். மரத்துக்கு மருந்து தடவும் வழக்கம் நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெட்டுக் கோட்டில் மருந்தைத் தடவினால் மங்கு நிறையப் பால் ஊறும். வாளி சீக்கிரம் நிறையும், எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். அளவோடு தடவினால் கெடுதலில்லை. ஆசைப்பட்டு அடிக்கடி தடவி, ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் ஒருநாள் மரம் வறண்டு போகும். உளி ஓடும், பால் வராது. "மொத வாரத்துல வந்த பால பாத்துட்டு மருந்து நல்ல மருந்துன்னு சொல்லக்கூடாதுப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு மரத்த வந்து பாக்கணும்" என்றார். எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தபோது சொன்னதுதான் அது. ஹர்லாக் அம்மையாரின் ஐந்து நாள் கணக்கை நம் தாயார் படித்ததில்லை. நமக்கு மட்டும் பகீரென்றது.

அடித்தால் பிள்ளை படிக்கிறது என்று நாம் சொல்வது பொய்யன்று. நாளைக்கு அடி உண்டு என்றால் இன்று இரவு ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும். அதுதான் முதல் வாரத்துப் பால். அதைப் பார்த்துத்தான் வாத்தியாரும் ஏமாறுகிறார், பெற்றோரும் ஏமாறுகிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டாண்டு கழித்து இடைநிலைப்பள்ளியில் அடிக்க ஆளில்லாத இடத்தில் என்ன செய்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மரத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உளி சற்று ஆழமாக இறங்கினால் பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் பட்டுவிடும். காயம் ஆறத்தான் செய்யும். ஆனால் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து நிற்கும். சில ஆண்டு கழித்துப் புதுப்பட்டை வெட்ட வரும்போது அந்த இடத்தில் உளி ஓடாது. இதற்காகத்தானே கங்காணி நிரை நிரையாக நடந்து மரத்தைப் பார்த்தார்! மரத்தில் காயம் பட்டதற்குத் திட்டு வாங்காத பால் வெட்டுத் தொழிலாளி உண்டா? பிள்ளைக்குப் பட்ட காயத்தைப் பார்க்க அப்படி யாரும் நிரை நிரையாக வருவதில்லை.

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "அன்னைக்கு வாத்தியார் அடிச்சதாலதான் இன்னைக்கு நான் ஆளா நிக்கிறேன்" என்று எத்தனையோ பேர் சொல்கிறார்களே, அது என்ன? உண்மைதான். பள்ளி விழாக்களில் மேடையேறும் முன்னாள் மாணவர்கள் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பழைய வாத்தியாருக்கு மாலை போட்டுக் காலில் விழுந்து வணங்குவார்கள். பார்க்கும்போது நமக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த விழாவுக்கு வராதவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அதே வகுப்பில், அதே பிரம்பில் அடிபட்டு, பன்னிரண்டு வயதில் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவனை மேடைக்குக் கூப்பிட்டு யாரும் ஒலிவாங்கியைக் கொடுப்பதில்லை. பிழைத்து வந்தவர் சொல்லும் சாட்சியம் மட்டுமே நம் காதில் விழுகிறது. அந்த வாத்தியார்களில் பலர் மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். தம் சம்பளத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிப் போட்டவர்கள். ஆளாக்கியது அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கிடைக்கிற பெயரோ பிரம்புக்குப் போய்விடுகிறது.

கண்டிப்பு வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வீட்டுப்பாடம் செய்யாதவன் செய்து முடித்துவிட்டுத்தான் விளையாடப் போகவேண்டும். அடுத்தவன் பென்சிலை எடுத்தவன் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டும். சொன்ன சொல்லில் வாத்தியார் நிற்கவேண்டும். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறினால் பிள்ளைக்கும் பிடிமானம் இல்லை. இதெல்லாம் கண்டிப்பு. தெரியாத ஒன்றைத் தெரியவில்லை என்பதற்காக அடிப்பது கண்டிப்பு ஆகாது. காய்ச்சல்காரனைக் காய்ச்சலுக்காக அடிப்பது போன்றது அது.

நம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதி எழுத்தை விட்டுவிடுவாள். சோம்பேறி என்று பெயர் வைத்தோம். கடைசி வரிசைக்குத் தள்ளினோம். தாதி ஒருநாள் பள்ளிக்கு வந்து கண்ணைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்று. பார்க்க முடியாத பிள்ளையை இன்னும் தள்ளி உட்கார வைத்த கெட்டிக்காரத்தனம் நம்முடையது. கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவள் தகப்பனார் சொல்லியிருந்தாரே, அந்தக் கண்ணைத்தான் நாம் கவனிக்கவில்லை. காது சரியாகக் கேட்காத பிள்ளை உண்டு. பசியாறாமல் வந்த பிள்ளை உண்டு. இரவெல்லாம் வீட்டில் நடந்த சண்டையில் தூங்காத பிள்ளையும் உண்டு. இவற்றில் எதைப் பிரம்பு குணப்படுத்தும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் பள்ளிக் கட்டொழுங்குக்கு 1959ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன. 2003இல் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பியது. பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருடையது. அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியர் மட்டுமே கொடுக்கலாம். பெண்பிள்ளைகளை அடிக்கக் கூடாது. உள்ளங்கையிலோ, உடைக்கு மேல் பின்புறத்திலோ தவிர வேறெங்கும் அடிக்கக் கூடாது. பலர் கூடிய இடத்தில் வைத்து அடிக்கக் கூடாது. இவையெல்லாம் ஒழுங்கு மீறிய குற்றத்துக்கான தண்டனையைப் பற்றிய விதிகள். எட்டாம் வாய்ப்பாடு தெரியாதது குற்றம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பிள்ளைகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1989இல் கொண்டுவந்த உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. நம் தோட்டங்களுக்குப் பிரம்பைப் பழக்கிவிட்ட வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் அதை ஒழிக்க 1986இலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள் என்பதும் நினைத்துப் பார்க்கத் தக்கது.

பிரம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதைவிட ஆழமாக இறங்கும் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம். சொல்லுவதற்கு நமக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதிய காலம். அந்தத் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அப்போதெல்லாம் எத்தனை பேர் 7 ஏ வாங்கினார்கள் என்பதில்தான் பள்ளியின் மானமே இருந்தது. நமக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை, வேகம் இருந்தது. காலையில் வாய்க்கணக்கு நடத்துவோம். கேள்வி கேட்டு மூன்று எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் ஒரு அடி. ஒரு பையன் நாள் தவறாமல் அடி வாங்கினான். ஒருநாள் ஆறெட்டு எத்தனை என்று கேட்டோம். உதடு அசைந்தது, பதில் வரவில்லை. பிரம்பை மேசையில் வைத்துவிட்டு, "உனக்கெல்லாம் எதற்குக் கணக்கு? நாளைக்கு உங்கப்பன் மாதிரி அரிவாளைக் கட்டிய கழியைத் தூக்கிக்கொண்டு குலை வெட்டத்தானே போகிறாய்" என்றோம். வகுப்பு சிரித்தது. அவனுக்கு ரோசம் வரட்டும் என்றுதான் சொன்னோம். அந்த வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளின் அப்பன்மார் எல்லாம் என்ன வேலை பார்த்தார்கள் என்பது அந்த நேரத்தில் நம் புத்திக்கு எட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் தகப்பனார் வந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், காலணியில் மண் இருக்கிறது என்று வகுப்பறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சார், அடிங்க. வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா குலை வெட்டுறத சொல்லி அடிக்காதீங்க. சனி, ஞாயிறுல அவந்தான் எனக்குப் பசியாற கொண்டாருவான். இப்ப ரெண்டு வாரமா வரமாட்டேங்கிறான். அவங்கம்மா கேட்டா, கூட்டாளிங்க பாப்பாங்கன்னு சொல்றானாம்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நம்மைக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று நம்மிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனார்.

பையனுக்கு ரோசம் வந்துவிட்டது, நேயர்களே. நாம் நினைத்த இடத்தில் வரவில்லை. தன் தகப்பனைப் பார்த்து வெட்கப்படும்படி வந்தது. படிப்பின் மேல் ஆசை உண்டாக்குகிறோம் என்று எண்ணிக்கொண்டு, பெற்றவன் மேல் இருந்த மதிப்பை அறுத்துவிட்டோம். அந்தத் தகப்பனார் வெட்டிய குலையில்தான் அவன் சீருடை வந்தது. தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம் வந்தது. இதே சொல்லை வீட்டில் பெற்றோரும் சொல்லக் கேட்கிறோம். "படிக்கலன்னா என்ன மாதிரி காட்டுலதான் கெடக்கணும்" என்று தாயே சொல்லுகிறாள். பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்ற ஏக்கத்தில் வரும் சொல் அது. ஆனாலும் பிள்ளையின் மனத்தில் தைப்பது, அம்மா செய்யும் வேலை இழிவு என்பதே. வேறு வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லலாம். பிள்ளைகள் போகத்தான் வேண்டும். இந்த வேலையைத் தாழ்த்தித்தான் அதைச் சொல்லவேண்டுமா?

நாம் அந்தப் பையனிடம் வகுப்பில் வைத்தே மன்னிப்புக் கேட்டோம். வகுப்பில் சொன்னதை வகுப்பில்தானே திருப்பி எடுக்கவேண்டும்? அது போதாது என்று தோன்றியது. தலைமையாசிரியரிடமும் தோட்ட நிருவாகத்திடமும் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் செம்பனைக் காட்டுக்கு அழைத்துப் போனோம். அந்தத் தகப்பனாரையே பாடம் நடத்தச் சொன்னோம். மனிதர் முதலில் மிகவும் கூச்சப்பட்டார். பிறகு பேச்சு வந்துவிட்டது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் காட்டி, குலை பழுத்துவிட்டது என்று எப்படி அறிவது, காயை வெட்டிவிட்டால் என்ன நட்டம், மட்டை விழும் திசை பார்த்து எங்கே நிற்கவேண்டும் என்றெல்லாம் சொன்னார். அண்ணாந்து பார்த்தபடி அவர் கழியை உயர்த்தி ஒரே இழுப்பில் குலையைத் தள்ளியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் குலையை இரண்டு பையன்கள் தூக்கப் பார்த்துத் தோற்றுப் போனார்கள்.

"தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு ஆறு குலை வைத்தால் எட்டு நடைக்கு எத்தனை?" என்று அங்கேயே ஒரு கணக்குப் போட்டோம். அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு கால் கட்டைவிரலால் மண்ணைத் தட்டித் தட்டி எண்ணினான். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. நாம் மூன்று எண்ணவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றோம். நாற்பத்தெட்டு என்றான். கூட்டிக் கூட்டித்தான் அவன் பெருக்கலுக்குப் போகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு நேரம் தேவைப்பட்டது. நாள்தோறும் அவன் முப்பத்தாறில் இருக்கும்போது நாம் அடித்திருக்கிறோம்.

அதன்பின் அவனை மாலையில் பதினைந்து நிமிடம் நம் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கூட்டலிலிருந்து வாய்ப்பாட்டுக்கு மெல்ல நகர்த்தினோம். தேர்வில் கணிதத்தில் சி வாங்கினான். பள்ளியின் பெயர் சொல்லும் புள்ளி அன்று. நாளேட்டில் படம் வரவில்லை.

தேர்வு முடிவு வருமுன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் தோட்டத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே அவன் சைக்கிளில் வந்தான். கைப்பிடியில் ஒரு பக்கம் தூக்குச் சட்டி, மறுபக்கம் தேத்தண்ணிப் போத்தல். பின்னால் கூட்டாளி ஒருவன் உட்கார்ந்திருந்தான். "எங்கேடா?" என்றோம். "அப்பாவுக்குப் பசியாற, சார்" என்று சொல்லிக்கொண்டே, நிறுத்தாமல் செம்பனைக் காட்டுப் பக்கம் திரும்பிப் போனான்.